கதிர்க்குருவிக்குக் கண்ணீர் அஞ்சலி

ஒலக்கூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த ராயப்பன் அண்ணனுக்குத் தங்கை ஜெசிந்தா எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். விழுப்புரத்தில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நேற்று போனில் அவ்வளவு கத்தினீர்களே, இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த வாரம் விழுப்புரத்தில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தியப் பெருங்கடலின் இரண்டு தீவுக் குருவிகளை எடுத்துக்கொண்டார்கள். சேஷெல்ஸ் கதிர்க்குருவி ஒன்று, ரோட்ரிக்ஸ் கதிர்க்குருவி ஒன்று. அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுமே ஒரு காலத்தில் முப்பதுக்கும் கீழே போய், ஜனங்கள் காட்டை மீட்டுக் கொடுத்ததால் பிழைத்தவை. ரோட்ரிக்ஸ் குருவி இருபதாயிரத்தைத் தாண்டி, கவலையில்லாத பட்டியலுக்கே போய்விட்டது. சேஷெல்ஸ் குருவி சில ஆயிரம்தான், இன்னும் ஆபத்தை ஒட்டிய பட்டியலில் நிற்கிறது.

கண்காட்சிக்குப் பேனர் அடிக்கப் படங்களை அனுப்பி, இதைத் திண்டிவனம் பேனர் கடை நடராசனிடம் சொன்னேன். "முப்பதுகூட இல்லியா? அடப்பாவமே, எப்ப டீச்சர்?" என்றார். "ஒண்ணு அறுபத்தெட்டுல" என்றேன். மனுஷன் மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'மறைவு 1968' என்று அடித்து, போன வருஷம் அப்பாவுக்குப் போட்ட பேனரில் இருந்த 'ராயப்பன் குடும்பத்தார், விழுப்புரம்' என்பதையும் அப்படியே விட்டு, வழக்கப்படி ஆள் அனுப்பி நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பில் கட்டியும் விட்டார். மத்தியானத்துக்குள் யாரோ மாலை போட்டாயிற்று. பக்கத்து வீட்டு வேணியக்கா வந்து, "ரெண்டும் உங்க அண்ணன் வளத்ததா? மனுசன் நொந்துகினு இருப்பாரே" என்கிறார்.

உங்களிடம் நாலு பேர் துக்கம் விசாரித்தது கஷ்டம்தான். அதுக்காக இறக்கு, மன்னிப்பு கேளுன்னா என்ன நியாயம்? தலைமையாசிரியையும் இந்தப் பேனரைக் கண்காட்சிக்கு எடுத்துக்கினு போகக் கூடாதுன்னுட்டாங்க. போகலைன்னா பிள்ளைங்க மூணு மாச உழைப்பு வீண். 'மறைவு' மேல கோடு போட்டு 'பிழைத்தது'ன்னு எழுதி நானே தூக்கிக்கினு வர்றேன். பத்து வருஷமா பாடம் நடத்துறேன், ஒருத்தர் கேட்டதில்லை. இன்னைக்கு பஸ் ஸ்டாப்பே நின்னு கேக்குது. பேனர் படத்தைப் பாத்துட்டு ரெண்டும் ஒரே குருவிதானேன்னு எகத்தாளம் பண்ணீங்களே, கண்ணு இருக்கிறவங்களுக்கு மஞ்சள் வயிறு ரோட்ரிக்ஸ் குருவிக்குத்தான்னு தெரியும். யார் சொன்னாலும் இறக்க மாட்டேன்.

அண்ணிக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் கோபத்தைத் தணித்து ஆசீர்வதிப்பாராக.

தங்கை,
ஜெசிந்தா

பி.கு.: கவரை ஒட்டும்போது என் மாணவி ரோஜா வந்தாள். "மிஸ், ரெண்டு படத்துலயும் கால்ல ஆராய்ச்சிக்காரங்க மாட்டுன ஒரே கலர் வளையம். ஒரே குருவிதான் திரும்பிக்கினு நிக்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். சேஷெல்ஸ்காரன்தான், வெயில் பட்டு ஒரு பக்கம் மஞ்சளாகத் தெரிகிறான். படங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான். பேனரை இறக்கிவிட்டேன். பிள்ளைகள் இரண்டையும் கையால் வரைந்துகொண்டிருக்கிறார்கள், கண்காட்சிக்கு வருகிறோம். நீங்கள் சொன்னதற்காக நான் இறக்கவில்லை.