விசிறி டிரைவரும் டோனட் பெட்டியும்

"கணினி மறுபடியும் படுத்துடுச்சு," என்றாள் தலைமைப் பொறியாளர் கிரெட்சன். குரலில் அப்படியொன்றும் வருத்தம் இல்லை.

டன்கன் அதை அணைத்து மறுபடி போட்டான். ஒட்டாவாவில் அந்த அலுவலகத்தில் சேர்ந்த புதிது. இந்த ஒரு கோளாறைச் சரிசெய்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். போதாக்குறைக்கு, யாருடைய திருத்தம் கணினியைக் கவிழ்த்தாலும் மறுநாள் அவர் எல்லோருக்கும் டோனட் வாங்கி வருவது அங்கே வழக்கம்.

கோளாறு கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில், விசிறியை ஓட்டும் டிரைவர் என்ற நிரலில் இருந்தது. அதற்குள் 'வேலை' என்ற சிறு நிரல் துண்டு ஒன்று கொஞ்ச நேரம் தூங்கும், எழுந்து சூடு பார்க்கும், மறுபடி எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கும். டிரைவரைக் கழற்றினால் அந்த வேலைக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. அது பாட்டுக்கு எழுந்து, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தில் கையை விடும். கணினி மல்லாந்துவிடும்.

கழற்றும்போதே வேலையை ரத்து செய்து பார்த்திருந்தான் டன்கன். தூங்கிக்கொண்டிருந்தால் ரத்தானது, பாதி ஓட்டத்தில் இருந்தால் தன் போக்கில் ஓடி மொத்தத்தையும் கவிழ்த்தது. டோனட் வாங்கினான்.

அடுத்து, ரத்து செய்துவிட்டு அது முடியும்வரை காத்திருக்க வைத்தான். ஒரே நேரத்தில் இருவர் நினைவகத்தைத் தொடாமல் காக்கும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்ததுதான் வினை. பூட்டு கிடைத்தால்தான் வேலை முடியும்; வேலை முடிந்தால்தான் பூட்டு விடுபடும். கணினி அப்படியே உறைந்தது.

"நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு நின்னே செத்த கணினியை இப்பதான் பாக்குறேன்," என்றாள் கிரெட்சன். "நாளைக்கு மேப்பிள் பாகு தடவின டோனட்டா கொண்டு வாப்பா."

பூட்டை விட்டுவிட்டுக் காத்திருந்தான். சூடு ஏறியதும் மணியடிக்கும் பகுதி, ரத்தான வேலையைத் தட்டியெழுப்பித் திரும்ப வரிசையில் உட்கார வைத்தது; கணினி மறுபடி கவிழ்ந்தது. இந்த முறை துக்கம் விசாரிக்க மேல்மாடிக்காரர்களும் தட்டோடு வந்தார்கள். அவசரப்படாமல் நிதானமாகச் செய்யும்படி ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள், வாய் நிறைய.

வெள்ளிக்கிழமை டன்கன் மணியின் வாயை முதலில் அடைத்தான். பிறகு வேலையை ரத்து செய்து, பூட்டில்லாமல் அது முடியும்வரை காத்திருந்தான். கடைசியில்தான் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தான். டிரைவரை எத்தனை முறை கழற்றி மாட்டியும் கணினி கவிழவில்லை.

யாரும் கைதட்டவில்லை. மூலையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கிரெட்சன் கைகுலுக்கி, வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி இருக்கைக்குப் போனாள்.

சந்தோஷத்தில் டன்கனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று வரவேற்பில் இருந்த நோரீனிடம் விசாரித்தான்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் நோரீன். "திங்கக்கிழமை காலையில சாப்பிடாம வாங்க. புதுசா ஒரு பொண்ணு சேருது, கிரெட்சன் அந்தக் கோளாறை எடுத்து மறுபடி உள்ள வச்சுட்டாங்க."