வார்டனுக்கு ஒரு பூனை

"அவன் முழுக் கெட்டவன் கிடையாது. மூணாவது கேள்வியில அடிபட்டுட்டான்" என்று சாப்பாட்டு டப்பாவின் மூடியால் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார் அக்கவுன்ட்ஸ் அக்கா.

மெத்தைக் கம்பெனியின் சாப்பாட்டு அறையில் மதியந்தோறும் நடக்கும் வழக்கு இது. கதையிலும் சினிமாவிலும் சீரியலிலும் வருகிற வில்லன்களில் யார் முழுக் கெட்டவன், யார் அரைகுறை என்று விசாரிப்பார்கள். கெட்டது செய்ய அவனுக்கு ஏதாவது காரணம் இருந்ததா? யார் மேலாவது பாசம் வைத்தானா? செய்ததை நினைத்து ஒரு தடவையாவது வருந்தினானா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று வந்துவிட்டாலும் பட்டம் கிடையாது. ஏழு பேரைக் கொன்ற பேய் டாக்டர், எட்டாவது ஆளைக் கொல்வதற்கு முன் அம்மாவின் படத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சியதால் தள்ளுபடி ஆனார். அண்ணிக்கு விஷம் வைத்த சீரியல் நாத்தனார் வீட்டுக் கிளிக்குப் பழம் ஊட்டி மாட்டிக்கொண்டாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும். நம்ம வார்டனைப் பத்திச் சொல்லுங்க" என்றார் டிரைவர்.

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. வாராவாரம் செல்போனில் வரும் தொடர்கதை ஒன்றின் வில்லன் அந்த வார்டன். விடுதிப் பிள்ளைகளைப் படாத பாடு படுத்துகிறவன்.

"தொப்பை, வழுக்கை, எடுத்ததுக்கெல்லாம் கத்தல்" என்று டிரைவர் குரலைத் தணித்தார். "யாரோ நமக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரியே இல்ல?"

எல்லார் கண்ணும் மானேஜர் அறைப் பக்கம் போய்த் திரும்பியது. மூலை மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் சாருக்குப் புரை ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும்? 'நிலாப்பித்தன்' என்ற பெயரில் அந்தக் கதையை எழுதுகிறவரே அவர்தான். வீட்டம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. போன வருஷம் மானேஜர், "சாமான் அறையைப் பார்த்துக்கறவருக்கு எதுக்குத் தனி ரூம்?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தி, ஸ்டோர்ஸ் சாரின் மேசையைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் போடவைத்தார். அன்று ராத்திரி பிறந்தவன்தான் வார்டன். நேரில் திட்ட முடியாததையெல்லாம் வாராவாரம் எழுதித் தீர்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் படிப்பார்கள் என்றோ, அதில் பாதிப் பேர் அவருடைய ஆபீசிலேயே இருப்பார்கள் என்றோ அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"தண்ணி குடிங்க சார்" என்று ரிசப்ஷன் பெண் டம்ளரை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்தார். வார்டனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரே அத்தியாயத்தில் தொப்பை கரைந்தது. உடம்பு தேறி எழுந்தவனுக்குத் தலைநிறைய முடி முளைத்தது. தொண்டையில் ஒரு ஆபரேஷனும் நடந்தது. இனி வார்டனால் கத்த முடியாது. காதோரம் குனிந்து, தேன் தடவினாற்போல் மெல்லப் பேசுவான். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லமாட்டான். கேட்டவர்கள்தான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவார்கள்.

'இப்போது மானேஜருக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் சாப்பாட்டு அறையில் அக்கவுன்ட்ஸ் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இப்போதாம்மா எனக்குப் பயமே வருது. கத்தறவன்கிட்ட நாமளும் பதிலுக்குக் கத்திட்டுப் போயிடலாம். இப்படிச் சிரிச்சுப் பேசறவன்கிட்ட என்ன பண்ணுவ?"

டிரைவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அக்காவின் கண் அகலமானது. "ஐயய்யோ, ஆமால்ல!" என்றார். ரிசப்ஷன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மூலை மேசையிலிருந்து ஸ்டோர்ஸ் சார் எட்டிப் பார்த்ததும் மூன்று பேரும் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

இன்னும் மானேஜரைத்தான் நினைக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். மானேஜர் கனவிலும் செய்யாத ஒரு கொடுமையை வார்டன் செய்தாக வேண்டும். அன்று மாலை பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சட்டென்று வந்தது. பிள்ளைகள் குளிக்க சோப்புக் கேட்கிறார்கள். வார்டன் ஒரு சோப்பை எடுத்து, நூலால் நடுவே அறுத்து, பாதியை மட்டும் கொடுக்கிறான். இது எங்கிருந்து உதித்தது என்று அவருக்கே ஆச்சரியம். எழுதுகிறவனுக்குச் சில சமயம் இப்படி அருள் வரும் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டம்மா படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க மானேஜர் சோப்பெல்லாம் அறுப்பாரா?"

"கற்பனைம்மா. சொந்தக் கற்பனை."

"நல்ல கற்பனைதான்" என்றபடி வீட்டம்மா அடுப்பைப் பார்க்கப் போனார்.

அந்த அத்தியாயம் வெளியான மதியம் ஸ்டோர்ஸ் சார் கை கழுவிவிட்டு வருவதற்குள் சாப்பாட்டு அறை அமளிப்பட்டது. "சோப்பு! சோப்பை அறுத்துட்டான்!" என்று டிரைவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். அக்கவுன்ட்ஸ் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டோர்ஸ் சார் வாசலில் தலையைக் காட்டியதும் ரேடியோவை அணைத்ததுபோல் அமைதி. டிரைவர் நாற்காலியிலிருந்து இறங்கி, அதைச் சட்டைத் துணியால் துடைத்துவேறு வைத்தார்.

"என்ன விசேஷம்?" என்று மெல்லக் கேட்டார் ஸ்டோர்ஸ் சார்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா கதை பேசிட்டிருந்தோம்."

கெட்டது குடி. எழுதுவது யார் என்று தெரிந்துவிட்டது. இல்லையென்றால் தன்னைப் பார்த்ததும் ஏன் வாயை மூட வேண்டும்?

அன்று சாயங்காலமே தாழ்வாரத்தில் மானேஜர் எதிரே வந்தார். கையில் செல்போன்.

"ஸ்டோர்ஸ், இந்த வார்டன் கதைன்னு ஒண்ணு வருதே, நீங்க படிக்கறீங்களா?"

"இல்ல சார்! கதை, கிதை, எதுவும் படிக்கறதில்ல சார்!"

மானேஜர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எப்போதும் ஆபீசை அதிரவைக்கும் குரல் அன்று பஞ்சாக வந்தது. "படிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஸ்டோர்ஸ் சார் நேராக வீட்டுக்கு ஓடினார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் நேரம். இந்த வயதில் வேலை போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? தப்பிக்க ஒரே வழிதான் தெரிந்தது. சாப்பாட்டு அறைச் சட்டப்படி வார்டன் முழுக் கெட்டவன் இல்லை என்றாகிவிட வேண்டும். 'ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன் சார், ஆனால் கடைசியில் உங்களை நல்லவராக்கிவிட்டேனே' என்று காலில் விழவாவது அது உதவும்.

ஆகவே வார்டனுக்கு ஒரு பூனை வந்தது. கால் ஊனமான சாம்பல் நிறப் பூனை. பிள்ளைகளெல்லாம் தூங்கிய பிறகு வார்டன் தன் பங்குப் பாலை அதற்கு ஊற்றிவிட்டு, அது குடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பூனை வந்ததும் ஆபீஸ் இரண்டாகப் பிளந்தது.

"பாசம் இருக்கு! ரெண்டாவது கேள்வியில அவன் தப்பிச்சுட்டான்!" என்றார் அக்கவுன்ட்ஸ் அக்கா.

"அது கெட்டுப்போன பாலாத்தான் இருக்கும். நல்ல பாலை அவனாவது ஊத்தறதாவது" என்றார் டிரைவர்.

"தன்னோட பங்குன்னு தெளிவா எழுதியிருக்கு. நீங்க ஒழுங்கா படிங்க."

"மழையில ஒரு பையனை ராவெல்லாம் வெளியே நிறுத்தினானே, அப்போ எங்க போச்சு பாசம்?"

வாக்குவாதம் சாப்பாட்டு அறையைத் தாண்டி சரக்கு ஏற்றும் இடத்துக்கும் போனது. தையல் பிரிவு பூனைக் கட்சி. வண்டிக்காரர்கள் மழைக் கட்சி. இந்தச் சண்டையில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போக வேண்டிய மெத்தைகள் குழந்தைகள் காப்பகத்துக்கும், காப்பகத்தின் தொட்டில் மெத்தைகள் ஹோட்டலுக்கும் போய்ச் சேர்ந்தன. ஹோட்டல்காரர் போனில் கத்தியது ரிசப்ஷனைத் தாண்டிக் கேட்டது.

மானேஜர் எல்லாரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். திட்டப்போகிறார் என்று தலை குனிந்து போனார்கள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதை இன்னைக்கே பேசி முடிச்சுடுவோம். இல்லேன்னா கம்பெனியை இழுத்து மூடிட வேண்டியதுதான். வார்டன் முழுக் கெட்டவனா, இல்லையா? கையைத் தூக்கிச் சொல்லிடுங்க" என்றார்.

இது விசாரணை இல்லை, தன்னை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கழுத்தில் கத்தி வைக்கும் ஏற்பாடு என்று ஸ்டோர்ஸ் சாருக்குத் தோன்றியது.

டிரைவர் மழையைச் சொன்னார். பட்டினி போட்டதைச் சொன்னார். சோப்பு என்று ஆரம்பித்து, ஸ்டோர்ஸ் சாரைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். தையல் பிரிவுக்காரர்கள் பூனையைச் சொன்னார்கள். கைகளை எண்ணினால் இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

"இன்னும் யாராவது பேசறீங்களா?" என்றார் மானேஜர்.

ஸ்டோர்ஸ் சார் எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

"அந்த மனுஷனை யாராவது ஒரு தடவையாவது வந்து உட்காருங்கன்னு கூப்பிட்டிருக்கீங்களா?" என்றார். கூட்டத்திலும் அதே மெல்லிய குரல்தான். "பொறுப்புன்னு ஒண்ணைத் தலையில வச்சுட்டா அப்புறம் யாரும் பக்கத்துல வரமாட்டாங்க. எல்லாரும் சேர்ந்து சிரிப்பாங்க, இவர் உள்ளே வந்ததும் நிறுத்திடுவாங்க. தனியாவே சாப்பிட்டுத் தனியாவே போய்ப் படுக்கறவனுக்கு மனசு கல்லாகாம என்ன ஆகும்? அவன் கெட்டவனாவே இருக்கட்டும். ஆனா முழுக் கெட்டவன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மானேஜரை மனதில் வைத்துத்தான் பேசினார். பேசப் பேச அந்த மானேஜர் மேல் அவருக்கே நிஜமாகப் பரிதாபம் வந்து கண் கலங்கிவிட்டது.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கவுன்ட்ஸ் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு டிரைவரின் கை மெதுவாக உயர்ந்தது.

"நான் கட்சி மாறிக்கறேன் சார். முழுக் கெட்டவன் இல்ல."

ஒவ்வொரு கையாக உயர்ந்து, கடைசியில் மானேஜர் கையும் உயர்ந்தது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். ஸ்டோர்ஸ் சாருக்குப் பாதி உயிர் வந்தது.

மீதிப் பாதியை வாங்க மானேஜர் அறைக்குள் போனார். "சார், என்னை மன்னிச்சுடுங்க. அந்த வார்டன்..." என்று ஆரம்பித்தார்.

"எதுவும் சொல்லாதீங்க" என்று மானேஜர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாள் மனசுக்குள்ளயே வச்சுட்டு எப்படித் துடிச்சிருப்பீங்க! தப்பு எங்க பேர்லயும் இருக்கு. பழசெல்லாம் மறந்துடுவோம்."

"உங்களுக்குக் கோபமே இல்லையா சார்?"

"உங்க மேலயா? சேச்சே!"

எப்பேர்ப்பட்ட மனுஷன், இவரையா வார்டன் என்று எழுதினோம் என்று ஸ்டோர்ஸ் சார் வெட்கப்பட்டார். மிதந்துகொண்டு வெளியே வந்தார். டிரைவர் எழுந்து நின்று வழி விட்டார். அக்கவுன்ட்ஸ் அக்கா, "நாளையிலிருந்து எங்க மேசையிலதான் சாப்பிடணும், சொல்லிட்டேன்" என்றார். இப்படி ஒரு நாள் அந்த ஆபீசில் அவருக்கு வாய்த்ததே இல்லை. இத்தனைக்கும் காரணம் தன் எழுத்து என்று நினைத்தபோது, இனி ஒளிந்துகொண்டு எழுதுவானேன், தைரியமாகச் சொந்தப் பெயரையே போட்டுவிடலாமே என்றுகூடத் தோன்றியது.

ரிசப்ஷனைக் கடக்கும்போது அந்தப் பெண் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"மனசுல எதையும் வச்சுக்காதீங்க சார். அந்த வார்டன்ங்கற பேர்ல, நீங்க எங்களுக்குப் பாதி சோப்பா அறுத்துக் குடுக்கறது வரைக்கும், உங்களை அச்சு அசலா எழுதி அசிங்கப்படுத்தின அந்த நிலாப்பித்தன் மட்டும் நம்ம ஆபீஸ் ஆளுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்னு மானேஜர் எங்க எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணியிருக்கார்!"