முடிவைத் தனியாக விற்ற கொம்பனியும் தராசரும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்திருக்கின்றன, எத்தனையோ கெட்டிக்காரர்கள் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரு பொய் நிறைகூட எழுதாத மனிதர் ஒருவர்தான். வாசலில் இருந்த லொறித் தராசுக்குப் பொறுப்பான அவரைத் தராசர் என்றுதான் எல்லோரும் அழைத்தோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை.

நான் பக்கத்து அறையில் ஒரு கப்பல் முகவரிடம் எழுதுவினைஞன். லொறி வெறுமையாக வரும்போது ஒரு நிறை, கோதுமையோ சீமெந்தோ ஏற்றியபின் ஒரு நிறை. ஒன்றில் மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது சரக்கு. அதை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பதுதான் தராசரின் தொழில். ஒருமுறை எங்கள் முகாமையாளர் தொலைபேசியில் கதைத்தபடி தராசுத் தட்டில் ஏறி நின்றுவிட்டார். "சேர், நீங்கள் சரக்கில்லை, இறங்குங்கோ!" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல். அவர் இறங்கும்வரை தராசர் பேனையைத் திறக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் இருந்த ஒரே கெட்ட பழக்கம் வீடியோ கேம். லிங்கநகர் வீட்டில் தனியாள். வேலை முடிந்து சைக்கிளை உள்ளே வைத்த கையோடு ரிவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுவிடுவார். மறுநாள் மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது எனக்கு அந்தக் கேமின் நிறை அறிவிக்கப்படும்.

"அறுபது மணித்தியாலக் கதை எண்டு விளம்பரம் போடுறான் ஐசே. கழிச்சுப் பாரும். குதிரையில போறது பதினெட்டு. பூப் புடுங்கிறது ஒம்பது. ஒரே ஆக்களைத் திருப்பித் திருப்பிச் சுடுறது முப்பது. மிச்சம் மூண்டே மூண்டு மணித்தியாலம். வெறும் லொறியையெல்லோ எங்கட தலையில கட்டுறான்!"

விலையைப் பற்றித் தொடங்கினால் சோறு காய்ந்துவிடும். டொலர் ஏறினால் உடனே விலையை ஏற்றுகிற கொம்பனிக்கு, டொலர் இறங்கினால் மட்டும் ஏன் காது கேட்பதில்லை? காசு வாங்கியபின்னும் நினைத்த நேரம் கேமைப் பூட்டலாம் என்றால் அதற்குப் பெயர் விற்பனையா? என்னிடம்தான் கேட்பார். ஏதோ அந்தக் கொம்பனியை நான் நடத்துவது போல.

கேமோடு நின்றாலும் பரவாயில்லை. என் தங்கையின் கல்யாணத்தில் வாழ்த்துரை வழங்கியவர் மேடையை விட்டு இறங்கியதும் தராசரிடமிருந்து என் கைக்கு ஒரு துண்டு வந்தது. மொத்தம் நாற்பது நிமிடம், வெறும் லொறி முப்பத்தொன்பது. தங்கை அதை இன்னும் கல்யாண அல்பத்தில் வைத்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் சத்தம் போடாமல் சாப்பிட்டார். விசாரித்தால், கழிக்க ஒன்றுமே இல்லாத கேம் ஒன்று அகப்பட்டுவிட்டதாம். பிடித்துச் செல்லப்பட்ட மகனைத் தேடி ஒரு தாய் ஊர் ஊராக அலைகிறாள். அவ்வளவுதான் கதை. இரண்டு கிழமை தராசரும் கூடவே அலைந்தார். "இண்டைக்கு ஒருத்தன் மகனைக் கண்டனான் எண்டு சொல்லியிருக்கிறான் ஐசே" என்று எனக்கும் செய்தி வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு காலை முகம் கறுத்து வந்தார்.

"கதவடிக்கு வந்திட்டா. உள்ளுக்கு ஆரோ இருமுற சத்தம். தாழ்ப்பாளில கையை வைக்கிறா. படக்கெண்டு திரையில ஒரு எழுத்து. முடிவு தனியாம். அதுக்கு இன்னும் டொலர் கட்டட்டாம்."

கொம்பனிக்கு ஒரு கடிதம் போட்டார். இங்கிலீசை நான் திருத்தினேன். கூடவே ஒரு துண்டையும் படம் பிடித்து அனுப்பினார்: சரக்கில் குறைவு, கதவுக்கு உட்பக்கம். இரண்டே நாளில் பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, அன்பளிப்பாகக் கேமில் அந்தத் தாய்க்குப் போட ஒரு சிவப்புத் தொப்பி.

"பிள்ளையைக் கேட்டால் தொப்பி தாறான்!" அவர் போட்ட சத்தத்தில் தராசில் நின்ற லொறிக்காரர் பிரேக்கை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று சிரித்திருக்கக் கூடாது.

"நான் கட்டுறன், விடும்" என்றேன்.

"ஏலாது ஐசே." குரல் இறங்கிவிட்டது. "எங்கட அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனாப் பிறகு ஒருத்தன் வீட்டை வந்தவன். ஆளிருக்கிற இடம் தெரியும், காசு தாங்கோ எண்டான். அம்மா காப்பைக் கழட்டிக் குடுத்தவ. இன்னும் கொஞ்சம் தந்தால் முகத்தைக் காட்டுறன் எண்டான். சங்கிலியையும் குடுத்தவ. சாகுமட்டும் வாசல் கதவைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. முடிவு தெரியாமல் இருக்க எனக்குப் பழக்கம். ஆனால் முடிவை விக்கிறவனுக்கு எங்கட வீட்டில இருந்து இன்னொருக்காக் காசு போகாது."

பதினொரு வருடம் பக்கத்திலிருந்து சாப்பிட்டவன் நான். அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

உப்புவெளியில் என் மைத்துனரும் அதே கேமை விளையாடி அதே கதவடியில்தான் நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காசை நான் கட்டி இருவருமாகப் பார்த்தோம். தாழ்ப்பாள் விலகியது. உள்ளே வெறும் அறை. இருமியது யார் என்று கதையை எழுதியவனுக்கே தெரியாது போலிருக்கிறது. சுவரில் பெரிய எழுத்து: இரண்டாம் பாகம் விரைவில்.

மறுநாள் மத்தியானம், பார்த்துவிட்டேன் என்று தராசரிடம் சொன்னேன். அவர் பார்சலை அவிழ்க்காமல் நிறுத்தினார்.

"கதவு திறந்ததோ?"

"ஓம்."

"உள்ளுக்கு?"

"மகன் இருந்தவன். மெலிஞ்சு போனான், ஆனால் சுகமாத்தான் இருக்கிறான். தாயைக் கண்டோடனே எழும்பி வந்தவன். அவ தன்ர கையால சோறு தீத்தினவ."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை லொறிக்காரர்களின் பொய்யை அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பிடித்தவர். என்னையும் பிடித்துவிட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பேனையைத் திறந்து ஒரு துண்டு எழுதி, கிழித்து, என் சட்டைப் பையில் வைத்தார். பிறகு பார்சலை அவிழ்த்து, தன் மீன் பொரியலில் பாதியை எடுத்து என் சோற்றில் போட்டார்.

நான் இப்போது வேறு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. மொத்தம்: முழுக் கதை. வெறும் லொறி: இல்லை. சரக்கு: சரி. கீழே கையொப்பம்.

ஆகவே தொடக்கத்தில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரேயொரு பொய் நிறை எழுதினார். அதை எனக்காக எழுதினார்.