பாம்பாம் அண்ணையைக் கடித்த நாய்

வடமராட்சியில் ஒரு செய்தி பரவவேண்டுமென்றால் பேப்பரும் வேண்டாம், ஃபோனும் வேண்டாம். பாம்பாம் அண்ணையிடம் ஒரு தரம் சொன்னால் போதும். "ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ" என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் விரைவாகப் போகும்.

அவர் மீன்காரர். உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹோர்னை அமத்தி "பாம் பாம்" என்று வருவதால் அந்தப் பெயர். தொண்டைமானாற்றில் மீன் ஏற்றி, நெல்லியடிப் பக்கம் உள்ள எங்கள் குறுகிய ஒழுங்கைக்கு வந்துசேர எட்டு மணியாகும். வரும் வழியில் யார் வீட்டில் என்ன என்பதையும் ஏற்றிக்கொண்டு வருவார். கனடாவிலிருந்து மகன் வந்திறங்கிய செய்தியைப் பெற்ற தாய்க்கே முதலில் சொன்னவர் அவர்தான்.

அதைவிடப் பெரிய திறமை ஒன்றும் அவருக்கு இருந்தது. பெட்டியைத் திறக்கும்போது மீனைப் பார்க்கமாட்டார்; பெண்களின் முகத்தைப் பார்ப்பார். யாராவது மூக்கைச் சுளித்தால் போதும், மருத்துவமாதுவுக்கு முன்னமே அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் வீட்டு மருமகள் பிள்ளைத்தாய்ச்சி என்பதை அவளுடைய புருசன் தேத்தண்ணிக் கடையில்தான் கேள்விப்பட்டான். கையிலிருந்த வடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தானாம்.

எனக்கு முதல் இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கியதை ஒழுங்கைக்குச் சொன்னவரும் அவர்தான். இரண்டும் நிலைக்காமல் போனதைச் சொன்னவரும் அவர்தான்.

மூன்றாவது முறை எனக்கு முப்பத்தெட்டு வயது. என் கணவருக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தோம். எல்லாம் போனபிறகு வந்து கையைப் பிடித்து அழுகிறவர்களின் முகத்தை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியாது. ஆனால் ரகசியம் என்று வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும் சத்திக்குத் தெரியுமா? விடிந்தால் ஓங்காளம். சோறு கொதிக்கிற மணம் ஆகாது, தாளிக்கிற மணம் ஆகாது, சவுக்கார மணம் கிட்டவும் ஆகாது. இவர் அடுப்பைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சமைத்தார். ஒரு மாதம் சவுக்காரம் போடாமல் குளித்துவிட்டுக் கந்தோருக்குப் போனார். பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரத்துக்கு மாறிவிட்டாராம்.

எனக்கென்றால் அந்தச் சத்திதான் ஆறுதல். முதல் இரண்டு முறையும் ஒருநாள் காலையில் அது திடீரென்று நின்றது. அதற்குப் பிறகுதான் எல்லாம் முடிந்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் வாளிக்கு முன்னால் குனிந்திருக்கும்போது, இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மீன் வாங்காமல் விட்டால் சந்தேகம் வரும். மூச்சை அடக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனேன்.

"பிள்ளை, விளைமீன்! இப்பத்தான் கடலாலை வந்தது, துடிக்குது!"

"துடிக்கிறது உன்ரை வாய்தான்," என்றார் எதிர்வீட்டு ராசாத்தி அக்கா. சிரித்துவிட்டுத் தன் சட்டியோடு உள்ளே போனார். அவர் கதவைச் சாத்தியதும் நான் குரோட்டன் செடிக்குள் குனிந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது பாம்பாம் அண்ணை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை... ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அவர் பெட்டியை மூடினார்.

"எத்தினை மாசம்?"

"ரெண்டு முடியப்போகுது."

வேறொன்றும் கேட்கவில்லை. ஹோர்ன் அடிக்காமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் எட்டு மணிக்குச் சத்தம் இல்லை. ஒழுங்கை முகப்பில் உள்ள மதகடியிலேயே நின்றுவிட்டார். பெண்கள் சட்டிகளோடு அங்கே நடந்துபோய்ச் சண்டை பிடித்தார்கள்.

"உள்ளுக்கை வர உனக்கென்ன? பெற்றோல் முடிஞ்சுபோச்சோ?"

அவர் சாரத்தைச் சற்றுத் தூக்கி, காலில் சுற்றியிருந்த துணியைக் காட்டினாராம். "அந்தப் பிள்ளை வீட்டு நாய் கடிச்சுப்போட்டுது. இனி நான் உள்ளுக்கை வரமாட்டன்."

எங்கள் நாய் மணிக்கு அப்போது பதினான்கு வயது. பாணைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் தின்னும். ராசாத்தி அக்கா வந்து அதன் வாயைத் திறந்து பார்த்தார். "கடிக்கிறதுக்கு இதுக்குப் பல்லெங்கையடி?"

நான் வாய் திறக்கவில்லை. பாம்பாம் அண்ணை திறந்தார். முதல் நாள் ஒரு ஊசி. மூன்றாம் நாள் ஐந்து. அடுத்த கிழமை தொப்புளைச் சுற்றிப் பதினாலு. கட்டு ஒருநாள் இடக்காலில் இருந்தது, இன்னொருநாள் வலக்காலில். கேட்டால், "மற்றதைச் சும்மா விட்டதெண்டே நினைக்கிறியள்?" என்பார். தபால்காரர் எங்கள் கடிதங்களை மதிலுக்கு மேலால் எறியத் தொடங்கினார்.

இடைக்கிடை வியாபாரம் முடிந்ததும், மீன் மணம் போகக் கையைத் தேசிக்காயால் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நொண்டி நொண்டி எங்கள் கேற்றடிக்கு வருவார். "போ! பொல்லாத நாயே!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவார். மணி வாலை ஆட்டும். பிறகு குரலைத் தணித்து, "எழும்ப முன்னம் படுக்கையிலை வச்சே ரெண்டு விசுக்கோத்து கடியுங்கோ, பிள்ளை. பிறகுதான் கால் நிலத்திலை படவேணும். என்ரை மனிசி நாலையும் அப்பிடித்தான் சமாளிச்சவள்," என்பார். கேற்றில் ஒரு தேசிக்காய்ப் பையைக் கொழுவிவிட்டுப் போவார்.

தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறி மணந்தால் ஓங்காளம் கொஞ்சம் அடங்கியது. விசுக்கோத்தும் உதவியது. அரைக் கோப்பைக் கஞ்சி உள்ளே தங்கிய அன்று, அயலட்டைக்குக் கேட்காமல் இவர் கைதட்டினார்.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள் விடிய எழும்பினேன். விசுக்கோத்து தேவைப்படவில்லை. கிணற்றடியில் சோறு கொதிக்கிற மணம் வந்தது; ஒன்றும் செய்யவில்லை. "சுகமாயிட்டுது போலை," என்று இவர் சந்தோசமாக வேலைக்குப் போனார். ஒளித்துவைத்த சவுக்காரத்தை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். அதற்கும் ஒன்றுமில்லை. மதகடிக்கு நடந்தேன்.

பெண்கள் போய்விட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் அவசரமாகப் பெட்டியை மூடினார்.

"ஏன் பிள்ளை இஞ்சை வந்தனீங்கள்?"

"பெட்டியைத் திறவுங்கோ அண்ணை."

"மணக்கும்."

"மணக்கட்டும். இண்டைக்கு எனக்குச் சத்தி வரேல்லை."

அவருக்கு விளங்கிவிட்டது. முதல் இரண்டு கதையும் அவருக்குத் தெரியும்தானே. மூடியைத் திறந்தார். சூடைமீன். குனிந்து மணந்தேன். கணவாயைக் கிளறிவிட்டார். பிறகு அடியில் கிடந்த திருக்கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். கண் எரிந்தது, சத்தி வரவில்லை. வெயிலில் இரண்டு பேரும் ஒரு மீன்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். யாராவது கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

அவர் பெட்டியை மூடினார். "இண்டைக்கு எல்லாம் புதுமீன், பிள்ளை. கடலாலை வந்து ஒரு மணித்தியாலம் இல்லை. அதுதான் மணக்கேல்லை."

அத்தனை வருடமாக அவர் சொல்லிவந்த அந்தப் பொய்யை எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் நம்பியதில்லை. அன்று நான் நம்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் வேறுமாதிரிச் சொன்னார்கள்.

பாம்பாம் அண்ணையிடம் மட்டும் இவர் போய்ச் சொன்னார். ஒழுங்கைக்கு எனக்குக் காய்ச்சல் என்றுதான் தெரியும். யாரும் வந்து கையைப் பிடித்து அழவில்லை. நான் விரும்பியதும் அதைத்தான். ஆனால் வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அவர் தொடர்ந்து மதகடியிலேயே நின்றார். முப்பத்தொரு நாள். செத்தவீட்டுக்கு நாங்கள் துடக்குக் காக்கிற கணக்கு அது. முப்பத்திரண்டாம் நாள் எட்டு மணிக்கு ஒழுங்கைக்குள் "பாம் பாம்" கேட்டது. எங்கள் கேற்றடியில் மட்டும் சத்தம் நின்று, கடந்தபிறகு தொடங்கியது.

பதின்மூன்று வருடமாகிவிட்டது. எங்களுக்கு அதன்பிறகு பிள்ளை இல்லை. பாம்பாம் அண்ணை இப்போது நெல்லியடிச் சந்தையில் இருந்து விற்கிறார். சீனி வியாதியால் இடக்கால் உண்மையாகவே நொண்டுகிறது. போன கிழமை நான் மீன் வாங்க நின்றபோது, எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த பெண், "காலுக்கு என்ன அண்ணை நடந்தது?" என்று கேட்டாள்.

"உந்தப் பிள்ளை வீட்டு நாய் கடிச்சது," என்று முகம் மாறாமல் என்னைக் காட்டினார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மணி செத்துப் பன்னிரண்டு வருடம். நாலுபேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்காத ஆள் நான்.

"ஓம்," என்றேன். "சரியான பொல்லாத நாய்."