வழக்கம் போல இருக்க வேண்டிய இருபது பேர்

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

உங்களிடம் உடற்பயிற்சி அறிவியலில் முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதும் பெண்ணின் மாமனார், வயது எழுபத்திரண்டு, மரக்கடையில் நாற்பது வருடம் சுமை இறக்கியவன், பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் மூட்டுவலி முதலிய தொந்தரவுகள் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் மூட்டுகள் எல்லாம் மிகவும் நன்றாக இருக்கின்றன. அதுதான் இந்தக் கடிதத்தின் துக்கம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் ரிடையர் ஆன தபால்காரர். கை அவருடையது, தப்பு என்னுடையது. அவரும் இதில் கூட்டாளிதான், ஆனால் அந்த வரியை எழுத மாட்டேன் என்கிறார்.

அம்மா, என் மருமகள் பதினொரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இந்தப் பட்டம் இருந்தால்தான் அந்த வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக அவள் வயசானவர்கள் நாற்பது பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். இருபது பேர் வாரம் மூன்று நாள் ஹாலுக்கு வந்து ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மற்ற இருபது பேரும் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வந்தது வீட்டுச் சீட்டு. அவள் காகிதத்தைப் படித்துக் காட்டினாள். "மாமா, நீங்க வழக்கம் போல இருந்தாப் போதும். பன்னிரண்டு வாரம் புதுசா எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது" என்றாள். "அப்போ என் வேலை என்னம்மா?" என்றேன். "ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் மாமா வேலை" என்றாள். தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தேன். வாழ்க்கையில் நான் கைநாட்டு வைத்த காகிதம் மொத்தம் ஐந்து. நான்கில் சொன்னபடி நடந்திருக்கிறேன்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை அவள் ஸ்டாப் வாட்சை மேசையிலேயே மறந்து போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன், கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம், ஆனால் ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே கடிகார ரிப்பேர்க்காரர் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார், அவரைவிட நான் மூன்று வயது இளையவன், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். முக்கால் மணி நேரம். எழுதத் தெரியாதவனுக்கு மறக்கவும் தெரியாது அம்மா, எது முதல், எது அடுத்தது, எதற்கு எத்தனை எண்ணிக்கை, எங்கே மூச்சு விட வேண்டும், அத்தனையும் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்போதும் சும்மாதான் இருந்திருப்பேன். சாயங்காலம் டீக்கடையில் அந்த மனுஷன் எல்லார் முன்னாலும், "வாங்க வாங்க, சும்மா இருக்கறவங்க சங்கத் தலைவரே! எழுந்திரிக்க முடியலைன்னா சொல்லுங்க, தூக்கி விடறேன்" என்றார். மூட்டை தூக்கியவனைப் பார்த்துத் தூக்கி விடுகிறேன் என்கிறார்!

மறுநாளே மூடிக் கிடக்கும் மரக்கடைக் கொட்டகையில் ஆரம்பித்துவிட்டேன். ரப்பர் பட்டைக்குப் பழைய சைக்கிள் ட்யூப், நாற்காலிக்குப் பலகை. தபால்காரர் வந்தார், அவர் சொல்லி சமையல்காரர் வந்தார், ஒரே வாரத்தில் வீட்டுச் சீட்டு வந்த இருபது பேரும் வந்துவிட்டோம். ஆத்திரத்தில் ஆரம்பித்ததுதான். ஆனால் போகப் போக வேறொரு எண்ணம் வந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகச் செய்தால் டீச்சருக்குத்தானே பெருமை? நாற்பது பேரும் துள்ளி எழுந்தால் மருமகளுக்கு முழு மார்க் கிடைக்கும் என்று நினைத்தேன். வித்தியாசம்தான் அவளுக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியாதே.

கடைசிப் பரீட்சையில் அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து பதினேழு முறை எழுந்தேன், முன்பு ஒன்பது. தபால்காரர் ஒற்றைக்காலில் முப்பத்தோரு எண்ணிக்கை நின்றார், முன்பு நான்கு. நான் பெருமையாக மருமகளைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "மாமா, இந்தப் பன்னிரண்டு வாரத்துல புதுசா ஏதாவது செஞ்சீங்களா?" என்று கேட்டாள். இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். "இல்லையேம்மா, வழக்கம் போலத்தான் இருந்தோம்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. கைப்பிடி பலத்தை அளக்கும் கருவி கெட்டுவிட்டதோ என்று பஸ் ஏறிக் கொண்டுபோய்ச் சோதித்து வந்தாள், நாற்பது பேர் காகிதத்தையும் தரையில் பரப்பி முதலிலிருந்து கூட்டினாள், நான் அந்தக் காகிதங்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தேன். நீங்களும் சிவப்பு மையில், இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை, ஆகவே பயிற்சியால் பயன் இல்லை என்றே முடிவுரை எழுதவும் என்று எழுதி அனுப்பினீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. நேற்றுக் காலை அதை எழுதி முடித்து என் மகனுக்குப் படித்துக் காட்டினாள். அவன், "பயன் இல்லைன்னு கண்டுபிடிக்கறதும் ஆராய்ச்சிதானே, விடு" என்றான். "இல்லைங்க. பதினோரு வருஷமா இது உதவும்னு நம்பித்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்போ என் கையாலயே பொய்னு எழுதறேன்" என்றாள். நான் அப்போது மேசைக்கு அடியில் விழுந்த கரண்டியை எடுக்கக் குந்தியிருந்தேன். எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றேன். போன வருடம் இரண்டு கையையும் ஊன்றினால்தான் எழுவேன். அவள் கவனிக்கவில்லை, எனக்குத்தான் கால் கூசியது.

ஆகவே அம்மா, பயிற்சி பலிக்கிறது. நாற்பது பேருக்கும் பலித்திருக்கிறது. வேண்டுமானால் யார் எந்த நாள் எத்தனை முறை எழுந்தார் என்று ஒரு நாள் விடாமல் ஒப்பிக்கிறேன், யாரையாவது எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த முடிவுரையை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மாத முடிவு என்ற கெடுவைத் தள்ளி அவளுக்கு இன்னும் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். வருகிற திங்கள் முதல் நாங்கள் இருபது பேரும் அசையாமல் உட்காருகிறோம், கடிகாரக்காரர் கூட்டம் பட்டையை இழுக்கட்டும், வித்தியாசம் தானாக வரும். இது நிச்சயம். அடியில் கைநாட்டு வைத்திருக்கிறேன். மருமகளிடம் இன்று சாயங்காலம் நானே சொல்லிவிடுவேன். உங்களிடம் முதலில் சொன்னதற்குக் காரணம், உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும் கெட்டியான முழங்கால்களும் வாய்க்கட்டும்.

தலைகுனிந்து,
மாமனார் (கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் டீக்கடையில் எல்லாவற்றையும் உளறிவிட்டார். கடிகாரக்காரர் கண் கலங்கி, "அந்தப் பொண்ணுக்காக அவங்க சும்மா உட்காரப் போறாங்களாமே, நாங்க மட்டும் கையைக் காலை ஆட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று தன் கூட்டத்தையும் உட்கார வைத்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், இருபது பேரும் எழ மறுக்கிறார்கள். இப்போது நாங்களும் உட்கார்ந்தால் வித்தியாசம் எப்படி வரும்? வேறு வழியில்லாமல் நாங்கள் உடனே கொட்டகையில் மறுபடி ஆரம்பித்துவிட்டோம். தயவுசெய்து உங்கள் காகிதத்தில் இரண்டு கூட்டத்தின் பெயரையும் மாற்றிப் போட்டுக்கொள்ளவும்.