மின்சாரம் கேட்ட பாதி வழி

பெருமதிப்பிற்குரிய செரமே மாமா அவர்களுக்கு,

மருமகள் பினமாங் பணிந்து எழுதுவது. இங்கே எல்லாம் அமைதிதான். படுத்தவர்கள் எல்லோரும் காலையில் எழுந்துவிட்டோம். தொலைவில் இருப்பவர் நீங்கள்; சேதி சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான் என்று முறைப்படி கேட்டிருப்பேன். ஆனால் தங்கள் சேதி குரல்பதிவாக முந்திக்கொண்டு வந்துவிட்டது. நான் அதை ஒரு முறை கேட்டேன். பட்டறையில் மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"ராணித்தாயை மடப்பயன்னு சொன்னீங்களாமே! அவங்க பாத்துக்கிட்டிருந்த நாடகத்தையும் அணைச்சீங்களாமே! ஒரு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போய் மன்னிப்புக் கேளு, இல்லேன்னா பட்டறை நிக்கிற மனை போச்சு" என்கிறீர்கள். அந்த மனை நம் ஊர் அரச குலத்தின் தலைவியான ராணித்தாயின் குடும்பத்து மனை என்பதையும், இந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் வாய் திறந்து "இருக்கட்டும்" என்று சொன்னால்தான் நாங்கள் அங்கே இருக்க முடியும் என்பதையும் நான் மறக்கவில்லை. அதற்காகத்தான் அந்த வீட்டு வேலையையே ஒப்புக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு ஆடு தேவையா என்று நீங்களே தீர்மானியுங்கள். தேவையில்லை என்பது என் கருத்து.

மாமா, குமாசியில் பொறியியல் படித்துவிட்டு, அலுவலக வேலையை உதறிவிட்டு, ஊரார் வீட்டுக் குழாயையும் கூரையையும் பார்க்க வந்த நாள் முதல் நான் எல்லா வகை வாடிக்கையாளரையும் பார்த்திருக்கிறேன். ஏணியைப் பிடித்துக்கொண்டே "என் மச்சான் இதைப் பாதி நேரத்துல முடிச்சிருவான்" என்பவர்கள் உண்டு. ஒழுகும் இடத்தைக் காட்டாமல் "நீங்கதானே படிச்சவங்க, கண்டுபிடிங்க" என்பவர்கள் உண்டு. பழுது பார்த்த கதவு இப்போது சத்தம் போடவில்லை, மகன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான் என்றே தெரியவில்லை, பழைய சத்தத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்ட ஒரு பாதிரியார்கூட உண்டு. இவர்களெல்லாம் மேடு, குன்று. ராணித்தாய் மலை. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பிளந்து, கூடத்துச் சுவர் வழியே தண்ணீர் இறங்குகிறது என்று ஆள் வந்து சொன்னதும் ஃபோசுவை அழைத்துக்கொண்டு ஓடினேன். ஃபோசுவைத் தங்களுக்குத் தெரியும். குழாயானாலும் மின்கம்பியானாலும் கையைவிட வாய் வேகமாக வேலை செய்யும். போனால், கூடம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். நடுவில் ராணித்தாய், பாதம் தரையில் படக்கூடாது என்ற முறைப்படி, செருப்போடு கால்களைப் பாதமணை மேல் வைத்துக்கொண்டு, ஒரு தீவைப் போல அமர்ந்திருக்கிறார். தண்ணீர் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் சொல்லாளர் ஓப்போங், பொன்தகடு போர்த்த சேவல் தலைக் கோலைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். எங்களை உட்காரவைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கால் அந்த நேரம் தண்ணீருக்குள்தான் இருந்தது. குடித்தோம். பிறகு வந்த காரியம் என்ன என்று கேட்டார்கள். தலைக்கு மேல் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போது "வந்த காரியம் நல்ல காரியமே" என்று தொடங்கி முறைப்படி சொல்லி முடிப்பதற்குள் என் தோள் நனைந்துவிட்டது.

முதலில் அந்த மடப்பயல் விஷயம். ஃபோசு மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு குழாய் இணைப்பைப் பார்த்தான். வெளியே கால் மட்டும்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து, "எந்த மடப்பய இதுல சைக்கிள் டியூபைச் சுத்தி வச்சான்?" என்று கத்தினான். ராணித்தாய் முகத்தைத் திருப்பாமல் ஓப்போங்கிடம் சொன்னார்: "அந்த மடப்பய நான்தான்னு அவன்கிட்டச் சொல்லு."

ராணித்தாயிடம் யாரும் நேரே பேசக்கூடாது, அவரும் நேரே பேசமாட்டார், எல்லாம் சொல்லாளர் வழியேதான் என்பது எனக்குத் தெரிந்த வழக்கம். நாலு அடி தூரத்தில் காது நன்றாகக் கேட்கும் இருவருக்கு நடுவே ஒருவர் எதற்கு என்று பல வருடம் சிரித்தவளும் நான்தான். ஓப்போங் தொண்டையைச் செருமினார். ராணித்தாய் பக்கம் திரும்பி, "தாயே, கைவேலைக்காரர் சொல்வது: கருவி கொண்டவர்கள் வந்து சேரும்வரை ஆற்றைக் கட்டிக் காத்த கை எந்தக் கை என்று வியந்து கேட்கிறார்" என்றார். ஃபோசுவின் கால்கள் பக்கம் திரும்பி, "அந்தக் கை தன்னுடையது என்று தாய் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார்" என்றார். ராணித்தாய் தலையசைத்தார். ஃபோசுவின் கால்கள்கூடக் கொஞ்சம் பணிவாக மடங்கின. இரண்டு பேரும் மூலத்தைக் காதாரக் கேட்டவர்கள், மாமா! அந்த மூலம் எங்கே போயிற்று என்று நான் தேடினேன். கிடைக்கவில்லை. ஆகையால் மடப்பயல் என்ற சொல் அந்த வீட்டில் சொல்லப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்ததுதான் ஆபத்து. சுவரில் இறங்கிய தண்ணீர் மின்பலகையை நோக்கி ஒரு விரல் ஒரு விரலாக நகர்ந்துகொண்டிருந்தது. பலகை தொலைக்காட்சிக்கு மேலே. ஃபோசு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "செருப்போட தாய் முன்னாடி வரக்கூடாது தம்பி, கழட்டு" என்றார் ஓப்போங். "ஐயா, ஈரத்துல வெறுங்காலோட அந்தப் பலகையைத் தொட்டா என்னைத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும். கழட்டமாட்டேன்" என்றான் ஃபோசு. தாய் எழுந்து உள்ளே போனால் பூட்ஸோடு வரலாம். தாய் எழவில்லை. ஏன் என்றால், இந்தியாவிலிருந்து வந்து நம் மொழி பேசும் அந்த மாமியார் மருமகள் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் மயங்கி விழுந்திருந்தாள். விழுந்து மூன்று நாளாகிறதாம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். "ஐயா, இப்ப எந்திரிக்கலேன்னா இவங்க கரன்ட் அடிச்சுச் செத்துப்போவாங்கன்னு சொல்லுங்க" என்றேன். ராணித்தாயைப் பற்றி அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஓப்போங் கண் இமைக்கவில்லை. "தாயே, தாங்கள் தங்கள் கிராமத்துக்குப் பயணம் கிளம்பிவிடுவீர்களோ என்று இந்தப் பெண் கவலைப்படுகிறாள்" என்றார். ராணித்தாய்கள் சாவதில்லை, கிராமத்துக்குத்தான் போகிறார்கள்.

"அந்தப் பொண்ணு எந்திரிக்கிற வரைக்கும் நான் எங்கேயும் போகலேன்னு சொல்லு" என்றார் ராணித்தாய், திரையைக் காட்டி.

தண்ணீர் பலகையின் மேல்விளிம்பைத் தொட்டது. நான் அப்போது மனையை நினைக்கவில்லை, மாமா. அந்தக் கிழவியை நினைத்தேன். தண்ணீருக்கு நடுவே, ஒரு நாடகப் பெண் கண் திறக்கக் காத்திருக்கும் அந்த முகத்தை நினைத்தேன். என் கால் நகரவில்லை.

ஓப்போங் நகர்ந்தார். ஆயுளில் சொல்லைத் தவிர வேறெதையும் தூக்கியிராத மனிதர், பக்கத்திலிருந்த மர முக்காலியில் ஏறினார். கோலைத் தலைகீழாகத் திருப்பி, பொன்சேவலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, காய்ந்த மரமுனையால் பெரிய சுவிட்சைக் கீழே தட்டினார். விளக்கு, விசிறி, மாமியார், மருமகள் எல்லாம் ஒன்றாகப் போயின. ஊரில் யாரும் ராணித்தாயின் முன் எதையும் அணைத்ததில்லை.

ஓப்போங் முக்காலியிலிருந்து இறங்கி, கோலை நேராக்கி, குனிந்து சொன்னார்: "தாயே, மின்சாரம் தங்களிடம் விடைகேட்கிறது. பாதி வழிதான் கேட்கிறது."

விடைபெறும்போது, திரும்பி வருகிறவர்கள் பாதி வழிதான் கேட்பார்கள். முழு வழி கேட்பவர்கள் திரும்பமாட்டார்கள். பணிவாகப் பாதி வழி கேட்ட விருந்தாளியை மறுக்க எந்த ராணித்தாயாலும் முடியாது. அணைந்த திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு, "பாதி வழி கொடுத்தேன். அந்தப் பொண்ணு எந்திரிக்கிறதுக்குள்ள வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, செருப்பால் தண்ணீரை ராஜநடையாகக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அளந்து பார்த்தால்தான் எதையும் நம்புகிறவள். அன்று அளக்க என்னிடம் கருவி இல்லை. ஃபோசு பூட்ஸோடு உள்ளே வந்து வேலையை முடிக்கும்வரை, கோவிலில் நிற்பவளைப் போல ஓரமாக நின்றேன். போகும்போது ஓப்போங் வாசல்வரை வந்து தாயின் சொல்லைச் சொன்னார்: மனை எங்களுக்கே இருக்கட்டும், தொலைக்காட்சியில் படம் நல்லபடியாகத் திரும்பி வந்ததும் ஊர் முன்னால் அதைச் சொல்வார், இனி அந்த வீட்டில் எது உடைந்தாலும் வேறு யாரும் வரக்கூடாது, நான்தான் வரவேண்டும். பரிசு எது, தண்டனை எது என்று பிரித்துச் சொல்ல ஓப்போங்கையே கேட்டேன். சிரித்தார்.

ஆகவே அவமதிப்பு ஏதும் நடக்கவில்லை. ஆடு தேவையில்லை. அத்தைக்கு என் வணக்கம். முன்னோர் தங்களுக்கு நீண்ட ஆயுளும், முழங்காலுக்கு வலுவும், குரல்பதிவு செய்யும் முன் சற்றே நிதானமும் அருளட்டும். இப்போதைக்குத் தங்களிடம் பாதி வழி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்பு மருமகள்,
பினமாங்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ராணித்தாய் வீட்டிலிருந்து ஆள் வந்தான். சுவர் காய்ந்ததும் ஃபோசு போய் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். சொன்ன சொல் தவறாமல் அது வந்துவிட்டதாம். வந்த வேகத்தில் தொலைக்காட்சி புகைந்து, முழு வழியும் கேட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள், அந்தப் பெண் சரியாக அந்த நிமிடம்தான் கண் திறந்தாளாம். ஓடிப்போய் ஓப்போங்கின் கையைப் பிடித்துக்கொண்டு, தாயிடம் இதை எப்படியாவது எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு, "இதை மட்டும் நீயே சொல்லிரு, பொண்ணே" என்றார். மாமா, ஆடு கொழுத்ததாக இருக்கட்டும். தாங்களும் கூடவே வாருங்கள்.