பைட்டுக் கஞ்சன்

காசில் கஞ்சனைப் பார்த்திருப்பீர்கள். சோற்றில் கஞ்சனையும் பார்த்திருப்பீர்கள், அவன் வீட்டில் அரைவயிறு சாப்பிட்டும் இருப்பீர்கள். பைட்டில் கஞ்சனைப் பார்த்ததுண்டா? எங்கள் சொந்தத்தில் ஒருவன் இருக்கிறான். முகிலன் என்று பெயர். வேலாத்தாளின் அண்ணன் பேரன். வேலாத்தாள் யாரென்றால், சேவூரில் என் சம்பந்தியின் கொழுந்தியாளுக்கு... வேண்டாம், பொழுது போய்விடும்.

பிழைப்புக்குப் பனியன் கம்பெனியில் எம்பிராய்டரி டிசைன் போடுகிறான். மற்ற நேரமெல்லாம், விற்றவர்களே மறந்துபோன ஒரு கையடக்க கேம் பெட்டிக்குப் புதிதாக ஆட்டம் எழுதுகிறான். அதுவும் எல்லாரையும் போலவா? அசெம்பிளி என்கிற கம்ப்யூட்டர் மொழியில்! மற்ற மொழியில் ‘காப்பி போடு’ என்றால் போதுமாம். இதில், கையை நீட்டு, சொம்பைப் பிடி, தூக்கு, அடுப்புக்குப் போ, போய்ச் சேரவில்லையென்றால் மறுபடி போ என்று ஒவ்வொன்றாய்ச் சொல்ல வேண்டுமாம். அதில் ஒரு பைட்டு இடம், அதாவது கம்ப்யூட்டர் நினைவில் ஒரு கடுகளவு, மிச்சம் பிடித்துவிட்டால் அவனுக்கு அன்றைக்குத் தீபாவளி.

அவன் அக்காள் அன்புசெல்வியின் மகள் மைதிலிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த்தட்டில் வைக்க, அவள் பெயர் போட்டு முயல் ஓடுகிற ஆட்டம் தருவதாகவும் சொல்லியிருந்தான். அக்காளும் புகுந்த வீடு முழுக்கச் சொல்லிப் பூரித்திருந்தாள்.

நல்ல நேரம் வந்தது. மருதாசல ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். மாமன் மடியில் லேப்டாப்.

“முகிலா, புள்ளையை வாங்குடா!”

“ஒரு நிமிசங்க்கா. ரெண்டு பைட்டு மிச்சமாகுது.”

“மிச்சம் பண்ணி?”

“இன்னுங் கொஞ்சம் எடம் கெடைக்குமுங்க்கா.”

ஆசாரி எட்டிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, அந்த எடத்துல உக்கார வெச்சுக் குத்தீரலாங்களா?”

அக்காளின் மாமியார் சுப்பாத்தாள் வாயைத் திறந்தாள். “ஏனம்மிணி, புள்ளைக்கு மாமன் இருக்கறானா, இல்லையா?”

அன்புசெல்வி தலை நிமிரவில்லை. நேரம் முடிவதற்குள் பெரியப்பன் மடியில் வைத்துக் குத்தினார்கள். மாமன் இருக்க, பெரியப்பன் மடி!

பிறகுதான் நம் ஆள் கேம் பெட்டியோடு ஓடி வந்தான். அழுத கண்ணோடு குழந்தை வாங்கி அமுக்கியது. முயல் ஓடியது.

“எம்பேரு எங்கீங் மாமா?”

“அதை எடுத்துத்தான் கண்ணு மிச்சம் புடிச்சேன்!” என்றான், பெருமையாக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் பைட்டுக் கஞ்சன் இல்லைதான். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, ‘ஒரு நிமிசம்’ என்றீர்களே, போனீர்களா?